உங்களுக்குத் தெரியுமா? உறைநிலையைத் தாங்கும் இளம் முட்டைகள்

பூப்படையாத சிறுமிக்குப் புற்றுநோய் வந்தால், முட்டைகளை அழிக்கக்கூடிய கீமோதெரபிக்கு முன் எடுத்துச் சேமிக்க முதிர்ந்த முட்டைகள் இரா. சூலகத்தின் மேற்படை இழையத்தை உறையவைப்பதே பிற்காலத் தாய்மைக்கான வழி.

● 1–2 மில்லிமீற்றர் தடிப்புள்ள கீற்றுகளைப் பாதுகாப்புத் திரவத்தில் ஊறவைத்து, மெல்ல மெல்லக் குளிரூட்டி, −196 பாகை செல்சியசில் திரவ நைதரசனில் வைப்பார்கள்.

● கலத்தினுள் பனிப்பளிங்கு உருவானால் கலம் சிதைந்து இறக்கும். இழையத்தில் உறங்கும் இளம் முட்டைகள் மிகச் சிறியவை என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். வளரத் தொடங்கியவையே அதிகம் மடியும்.

● பேரிழப்பு நேர்வது பின்னர்தான். இழையத்தை மீண்டும் உடலில் பொருத்தியதும், புதிய இரத்தக்குழாய்கள் வளரும்வரையான சில நாட்களில், ஒட்சிசன் இன்றிப் பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் இறந்துவிடக்கூடும்.

● 1997இல் பிரசெல்சில் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து உறையவைத்த இழையத்தைப் பேராசிரியர் ஜாக் டொனே குழுவினர் 2003இல் அதே பெண்ணுக்குப் பொருத்தினர். 2004இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இம்முறையில் பிறந்த முதற் குழந்தை அதுவே.

● இரத்தப் புற்றுநோயில் எச்சரிக்கை தேவை: உறைந்த இழையத்தில் நோய்க்கலங்களும் உயிருடன் இருக்கலாம்.

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு மகளை அழைத்துச் செல்லும் பெற்றோரே, கீமோதெரபி தொடங்குமுன்பே வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.