கணவரின் கடிதங்கள் இருக்கின்றன... மனைவியின் பதில்கள் எங்கே? முதல் உலகப் போர் நினைவுப்பொருட்கள் சொல்லும் காதல் கதை

1914 செப்டம்பர். ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் சென்னையில் குண்டு போட்ட அதே மாதம். பிரான்ஸ் போர்முனைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த தாமஸ் ஹியூஸ் என்ற பிரிட்டிஷ் சிப்பாய், மனைவிக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். அதைத் தபாலில் சேர்க்கவில்லை. ஜிஞ்சர் பீர் பாட்டிலுக்குள் போட்டு, இறுக மூடி, கடலில் வீசினார். 'கண்டெடுப்பவர் என் மனைவியிடம் சேர்த்துவிடுங்கள்' என்று கூடவே ஒரு குறிப்பு. போய்ச் சேருகிறதா பார்க்கலாமே என்ற ஆசை, அவ்வளவுதான்.

அதே மாதம் அவர் போரில் இறந்துபோனார். பாட்டில் கிடைத்தது 1999-ல், தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், ஒரு மீனவரின் வலையில். அதற்குள் மனைவியும் காலமாகிவிட்டார். நியூசிலாந்தில் வசித்த மகளிடம் கடிதம் ஒப்படைக்கப்பட்டது. அப்பா போருக்குப் போனபோது குழந்தையாக இருந்தவருக்கு, அப்போது வயது 86.

இப்படிப்பட்ட கதைகளில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. போர்க்காலக் காதல் என்றாலே நம் கண்ணில் படுவது கணவர் எழுதியதுதான். மனைவி என்ன எழுதினார்?

தபால் வசதி இல்லையா?

தாராளமாக இருந்தது. போர் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் தபால் துறை வாரத்துக்குச் சுமார் 1.2 கோடி கடிதங்களைச் சிப்பாய்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிக்கல் தணிக்கைதான். சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அவருடைய படைப்பிரிவு அதிகாரியே படித்துப் பார்ப்பார். எந்த ஊரில் இருக்கிறோம், அடுத்து எங்கே போகிறோம் என்று எதையும் எழுதக் கூடாது. தினமும் முகத்தைப் பார்க்கும் மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தால், மனைவியிடம் யாரால் மனம்விட்டுப் பேச முடியும்?

அதற்காகவே பிறகு பச்சை நிற உறை வந்தது. 'இதில் சொந்த விஷயம் மட்டுமே இருக்கிறது' என்று கையெழுத்திட்டால், கூடவே இருக்கும் அதிகாரி பிரிக்க மாட்டார். ஆனாலும் பின்தளத்தில் யாராவது பிரித்துப் பார்க்கலாம். தவிர, அந்த உறை எப்போதாவதுதான் கிடைக்கும்.

அவசரத்துக்கு ஒரு அச்சடித்த கார்டு. 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் இருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் தயாராக இருக்கும். தேவையில்லாததை அடித்துவிட்டு, தேதி போட்டு, கையெழுத்திட வேண்டும். கூடுதலாக ஏதாவது எழுதினால் கார்டையே அழித்துவிடுவார்கள். 'அன்புள்ள' என்ற வார்த்தைக்குக்கூட அதில் இடமில்லை.

வார்த்தைக்குப் பதில் பொருள்

எழுத முடியாததைப் பொருட்கள் சொல்லின. பிரான்ஸ், பெல்ஜியம் பெண்கள் பட்டில் பூத்தையல் போட்ட அஞ்சலட்டைகளைச் சிப்பாய்கள் வாங்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலவற்றில் பட்டிலேயே குட்டிப் பை இருக்கும். உள்ளே விரலளவு வாழ்த்து அட்டை.

இன்னொன்று 'ஸ்வீட்ஹார்ட் ப்ரூச்'. கணவரின் ரெஜிமெண்ட் சின்னத்தைச் சிறிதாக்கிச் செய்த உடை ஊசி. பித்தளையில் தொடங்கி தங்கம் வரை, வசதிக்கு ஏற்ப. மனைவியும் அம்மாவும் அதைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். 'என் வீட்டுக்காரர் போர்முனையில் இருக்கிறார்' என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை.

1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரில் சிப்பாய்களுக்குப் பித்தளை டப்பா பரிசாகப் போனது. பெரும்பாலானவற்றில் புகையிலையும் சிகரெட்டும். பலர் டப்பாவை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். புகையிலை இருந்த இடத்தில், பிறகு கடிதங்களும் போட்டோக்களும் பத்திரமாக இருந்தன.

சரி, அவர் எழுதியவை?

கணவரின் கடிதம் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு. அங்கே அலமாரி இருந்தது, கூரை இருந்தது. மனைவியின் கடிதம் போய்ச் சேர்ந்ததோ பதுங்குகுழிக்கு. மழை, சேறு, எலி. முதுகுச் சுமையைக் குறைக்கவே படாதபாடு படுபவர் எத்தனை கடிதங்களைத் தூக்கிக்கொண்டு நடப்பார்? எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தாக்குதலுக்கு முன் எரித்தவர்களும் உண்டு. அதனால்தான் காப்பகங்களிலும் குடும்பப் பெட்டிகளிலும், பல ஜோடிகளின் உரையாடலில் பாதி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. போனில் ஒருவர் பேசுவதை மட்டும் பக்கத்தில் இருந்து கேட்பது மாதிரி.

ஒரு கொடுமை என்னவென்றால், மனைவியின் கடிதங்கள் வீடு திரும்ப ஒரு வழி இருந்தது. சிப்பாய் இறந்தால், அவருடைய உடைமைகளைப் பொட்டலம் கட்டிக் குடும்பத்துக்கு அனுப்புவார்கள். தான் எழுதிய கடிதங்களை அதில் பார்த்த மனைவிகள் இருந்தார்கள். பிரிக்கப்படாமல், 'போரில் கொல்லப்பட்டார்' என்ற குறிப்போடு திரும்பி வந்த கடிதங்களும் உண்டு.

'செத்தவர் காசு'

போர் முடிந்ததும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு ஒரு வெண்கலத் தகடு அனுப்பியது. விட்டம் 12 செ.மீ. 13 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. அந்தக் காலத்து பென்னி நாணயம் போல இருந்ததால் மக்கள் வைத்த பெயர் 'செத்தவர் காசு'. அதில் பதவி கிடையாது. ஜெனரலாக இருந்தாலும் சாதாரணச் சிப்பாயாக இருந்தாலும் பெயர் மட்டுமே. தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பது காரணம்.

தினமும் துடைத்து, சுவரில் மாட்டி வைத்த பெண்கள் இருந்தார்கள். பார்க்கவே பிடிக்காமல் மூலையில் போட்டவர்களும் இருந்தார்கள். இரண்டுமே காதல்தான்.

இன்று என்ன செய்யலாம்?

தகட்டில் கணவரின் பெயர் இருக்கிறது. ப்ரூச்சில் ரெஜிமெண்டின் சின்னம் இருக்கிறது. இவற்றை ஆயுசு முழுக்கக் காப்பாற்றிய பெண்ணின் பெயர் எதிலும் இல்லை. அதனால்தான் இந்த ப்ரூச்சுகள் ஏலத்துக்கு வரும்போது, பெரும்பாலும் எந்த ரெஜிமெண்ட் என்று மட்டும் தெரிகிறது. யார் அணிந்தது என்று தெரிவதில்லை.

ராணுவக் குடும்பம்தான் என்றில்லை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு பழைய வாட்ச், ஒரு மோதிரம், ஒரு கட்டுக் கடிதம் இருக்கலாம். யார் கொடுத்தது, யார் வைத்திருந்தது, எந்த வருஷம் என்று பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் பழைய சாமான்தான்.