கொடைவிழாவும் கலைஞர் தேர்வும்

நாட்டார் பாடல்களைத் தொகுக்கிறோம், கதைகளை வகைப்படுத்துகிறோம். பாடியவரை அழைத்தவர் யார், எதற்காக அவரை அழைத்தார் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. நெல்லை, குமரி மாவட்டங்களின் வில்லுப்பாட்டைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

கொடைவிழாவில் வில்லுப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. வழிபாட்டின் ஓர் உறுப்பு. ஊர் கூடி, வீட்டுக்கு இவ்வளவு என வரி விதித்து, நாள் குறித்த பிறகு பாட்டுக்காரரைப் பற்றிய பேச்சு எழும். அப்போது முதலில் நோக்கப்படுவது குரல்வளம் அன்று, "நம்ம சாமி கதை அவருக்குத் தெரியுமா?" என்பதே. முத்தாரம்மன், இசக்கி, முத்துப்பட்டன், தோட்டுக்காரி அம்மன் எனக் கோயிலுக்குக் கோயில் கதை வேறு. ஒரே கதையும் ஊர்தோறும் சிறிது மாறும். கயிலையில் பிறந்த தெய்வத்தின் கதையும், வெட்டுப்பட்டு மாண்டு தெய்வமானவர் கதையும் பாடவல்லவராகப் புலவர் இருத்தல் வேண்டும்.

கதையறிவு மட்டும் போதாது. கதை உச்சத்தை எட்டும்போது கோமரத்தாடிக்கு அருள் வரவேண்டும். வரும்வரை அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, உடுக்கையும் குடமும் விசை கூட்டி நிற்பதும், ஆட்டம் அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வதும் எளிய செயல்கள் அல்ல. இத்திறனை அறையில் அமர்த்திச் சோதிக்க இயலாது. எனவே ஊர்ப் பெரியவர்கள் அயலூர்க் கொடைக்குச் சென்று, கூட்டத்தோடு கூட்டமாக அமர்ந்து கேட்டு வருவர். மனத்துக்குப் பிடித்தால் வெற்றிலை பாக்குடன் அச்சாரம் கொடுப்பர். இந்த அளவுகோல் பெண்களுக்கும் இடம் தந்தது. 2018இல் மறைந்த பூங்கனி அம்மாள் சிறுமியாய் இருந்தபோதே வில்லுக்கு முன் அமர்ந்தவர். கதை தெரிந்தவர் என்பதால் ஊர்கள் அவரை அழைத்தன.

சுடலைமாடன் கோயில்களில் நடைபெறும் கணியான் கூத்தில் தேர்வுக்கே இடம் குறைவு. கைவெட்டுச் சடங்கு கணியான் இனத்தாருக்கே உரியது. பிறர் எவரும் அவ்விடத்தில் நிற்க முடியாது.

இந்த முறை பழுதற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. இன்று பல ஊர்களில் விழாப் பணத்தின் பெரும்பங்கு மெல்லிசைக் கச்சேரிக்குப் போய்விட, எஞ்சியதே வில்லுக்கு வருகிறது. இளைஞர்களைக் குறை கூறிப் பயனில்லை. வரி கட்டுபவர்களில் அவர்களும் உளர்.

வேறோர் அளவுகோல் வானொலியோடு வந்தது. 1963இல் திருநெல்வேலி நிலையம் தொடங்கியது. குரல் தேர்வு, குறித்த நேரம் என்னும் கட்டுப்பாடுகளுக்குள் வில்லிசை அடங்க வேண்டியதாயிற்று. சுப்பு ஆறுமுகம் (1928–2022) அதனைச் சென்னை மேடைகளுக்குக் கொண்டு சென்று, புதிய கதைகளைப் பாடிப் புகழ் சேர்த்தார். அது பெரும்பணியே. எனினும் அம்மேடைகளில் அருள் வரக் காத்திருப்பார் எவருமில்லை.

2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் இடையில் நின்று, 2023இல் மீண்டும் தொடங்கியது. பூங்காவிலும் திடலிலும் ஒரே மாலையில் பல குழுக்கள் ஆடுவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சிறு பொழுதே. நடந்து செல்பவரை நிறுத்தவல்ல கலையே அங்கு வெல்லும். கரகமும் ஒயிலும் பறையும் வெல்கின்றன. சாவுமேளம் என்று ஒதுக்கப்பட்ட பறைக்கு நகரத்தின் நடுவே மேடை கிடைத்தது பெருமகிழ்ச்சி தருவது. ஆனால் விடியும்வரை கதை பாடும் புலவர் தம் கலையின் எந்தச் சில நிமிடங்களை வெட்டியெடுத்துக் காட்டுவார்? தேர்வுக்குழுவில் கதையறிந்த முதியவர் ஒருவரேனும் அமர்தல் வேண்டும் என்பதும், சில திடல்களிலாவது ஓரிரவு முழுவதும் ஒரே குழுவுக்கு வழங்கப்படல் வேண்டும் என்பதும் நம் கருத்து.

இது நம் சமுதாயமும் கண்ட செய்தியே. கிஸ்ஸாவும் மசலாவும் படைப்போரும் இஸ்லாமியர் இல்லங்களில் பலர் கூடியிருந்து கேட்கப் பாடப்பட்டவை. பின்னர் மீலாது, கந்தூரி மேடைகள் ஒலிபெருக்கிக்கும் குறும்பாடலுக்கும் உரியவாயின. நாகூர் ஹனிபா (1925–2015) என்னும் பெருங்குரலை அம்மேடைகளில் கேட்டது தமிழர் பெற்ற பேறு. அதே மேடைக்கு, நூறு மசலாவை இராகத்தோடு முழுமையாகப் பாடவல்ல ஒருவரை எந்த விழாக்குழுவும் தேடிச் சென்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நூல் அச்சில் இருக்கிறது. அதன் மெட்டை அறிந்தவர் நம் ஊர்களில் எத்தனை பேர் என்பதை மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே தத்தம் வீட்டு முதியவர்களிடம் கேட்டறியலாம்.