கொக்கோஸ் தீவுகள், 1942: ஒரே இரவு, பல சாட்சிகள்

இலங்கையின் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கொக்கோஸ் தீவுகளுக்குப் போக இந்து சமுத்திரத்தில் வெகுதூரம் கடக்க வேண்டும். ஆனாலும் இது நம் நாட்டுப் பிள்ளைகளின் கதைதான்.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் கொழும்பில் குண்டு வீசியது. அடுத்த மாதம், மே 8 இரவு, கொக்கோஸ் தீவுகளில் ஒன்றான ஹோர்ஸ்பர்க் தீவில் ஆறு அங்குலப் பீரங்கிகள் இரண்டைக் காத்துநின்ற இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதியினர் தங்கள் தளபதி கப்டன் ஜோர்ஜ் கார்டினருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினர். கலகம் அன்றிரவே அடங்கியது. இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது, மூவர் தூக்கிலிடப்பட்டனர். தலைமை தாங்கிய கிரேஷியன் பெர்னாண்டோ, ஆகஸ்ட் 5 அன்று வெலிக்கடைச் சிறையில்.

ஏன் எழுந்தார்கள்? வெள்ளையர் ஆட்சியை எதிர்த்தா, ஓர் அதிகாரியின் கெடுபிடி தாங்காமலா, தீவை ஜப்பானிடம் ஒப்படைக்கவா? அங்கே இருந்தவர்களின் சொற்களே ஒத்துப்போகவில்லை. விசாரணையில் பேசியவர்களின் தலைக்கு மேல் தூக்குக் கயிறு தொங்கியது. பல்லாண்டு கழித்துப் பேசியவர்கள் சுதந்திர இலங்கையில் முதுமையோடு பேசினார்கள். வாக்குமூலம் மாறியதை வைத்து மட்டும் யாரையும் பொய்யர் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே இந்தப் பலகையில் ‘வீரர்’ என்றும் எழுதவில்லை, ‘துரோகி’ என்றும் எழுதவில்லை.