கடலோரத்தில் நன்னீர்

முத்துக் குளித்தலுக்குப் பெயர் பெற்றது தூத்துக்குடிக் கடல். 1961-ஆம் ஆண்டிற்குப் பின் அங்குப் பெருமளவில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. அக்காலத்தில் மூழ்கியவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தார்கள். கடலின் அடித்தரை எங்கும் ஒரே தன்மையது அன்று. ஓரிடம் மணல், மற்றோரிடம் பாறைத் திட்டு. அத்திட்டினைப் 'பார்' என்றார்கள். முத்துச் சிப்பி பாரில்தான் மிகுதியாக வளரும். கரையிலுள்ள நிலத்தின் அடியும் இத்தகையதே. ஆனால் மண்ணுக்குள் மூழ்கிப் பார்க்க இயலாதே! அதனை எவ்வாறு அறிவது? அறிவதால் என்ன பயன்?

திருச்செந்தூர் சென்றவர்கள் நாழிக் கிணற்றை மறந்திருக்க மாட்டார்கள். கடலுக்கு அத்துணை அருகில் நன்னீர் ஊறுவது எப்படி? மணலில் விழும் மழைநீர் கீழிறங்கித் தேங்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் மிகுந்தது. ஆகவே நன்னீர் மேலும் உவர்நீர் கீழுமாக நிற்கின்றன. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி டச்சுக்காரர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். இதன் மறுபக்கம் அச்சந் தருவது. மிகுதியாக இறைத்து நீர்மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், உவர்நீர் நாளடைவில் 40 அடி மேலேறி வரக்கூடும்.

ஆயினும் இக்கணக்கு, மண் ஒரே சீராக உள்ள இடத்திற்கே முழுதும் பொருந்தும். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856-இல் ஒரு விதியை வெளியிட்டார். நீர்மட்டங்களின் வேறுபாடு மட்டுமன்றி, மண்ணின் இயல்பும் நீரோட்டத்தின் அளவை நிர்ணயிக்கிறது. பருமணலில் விரைந்து செல்லும் நீர், களிமண்ணில் அதனினும் பல்லாயிரம் மடங்கு மெதுவாகவே கசியும். ஆதலால் கடலுக்கு அண்மையிலுள்ள கிணறு, களிமண் படுகை காப்பதால் இனிக்கலாம். தொலைவிலுள்ள கிணறு, மணற்படுகை ஒன்று கடலோடு தொடர்பு கொண்டிருப்பதால் கரிக்கலாம்.

இவ்வேறுபாட்டை அளக்க மின்சாரம் துணைபுரிகிறது. தரையில் நான்கு இரும்பு முளைகளை ஒரே வரிசையில் அடிப்பார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். முளைகளின் இடைவெளியை அகற்ற அகற்ற, இன்னும் ஆழத்திலுள்ள மண்ணின் மின்தடை தெரியவரும். கடல்நீரின் மின்தடை ஏறத்தாழ 0.2 ஓம்-மீட்டர்; நல்ல குடிநீருக்கோ பொதுவாக 10-க்கும் மேல். எனவே உவர்நீர் நிறைந்த மணல் எளிதில் வெளிப்படும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நன்னீரில் ஊறிய களிமண்ணும் குறைந்த தடையையே காட்டும். ஆதலால் சில இடங்களிலேனும் துளையிட்டு மண்ணையும் நீரையும் எடுத்துச் சோதித்த பின்னரே முடிவு கூறல் வேண்டும்.

தூத்துக்குடிப் பகுதிக்கு இவ்வாராய்ச்சி மிகவும் இன்றியமையாதது. அங்கு மழை குறைவு. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றினால் சில மாதங்களில் பெய்துவிடுகிறது. திருச்செந்தூரை அடுத்த தேரிச் செம்மணல் அம்மழையை உறிஞ்சிச் சேமிக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தார் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திகளில் காய வைக்கிறார்கள். அவர்களுக்கு அது மூலப்பொருள். வாழையும் நெல்லும் பயிரிடுவோருக்கோ அதுவே கேடு. எந்தப் படுகை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிந்தால்தான், எங்கே, எவ்வளவு இறைக்கலாம் என்று வரையறுக்க முடியும். ஒருமுறை உவர்நீர் புகுந்த மணற்படுகை மீண்டும் இனிப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம்.

மாணவர்களே, உங்கள் ஊரில் கிணறு வெட்டினாலும் துளையிட்டாலும் அருகில் சென்று பாருங்கள். எத்தனை அடியில் மணல், எத்தனை அடியில் களி, நீரின் சுவை யாது என்று குறித்து வையுங்கள். பல கிணறுகளின் குறிப்புகளை ஒப்பிட்டால், உங்கள் ஊர் நிலத்தின் அடித்தரை மெல்ல மெல்லத் துலங்கும்.