கர்ப்பப்பைக் கழுத்தில் சத்திரசிகிச்சைக்குப் பின் பிள்ளை: இழை போட வேண்டுமா?

கர்ப்பிணித் தாயைக் கிளினிக்கில் முதன்முதலாகப் பதியும்போது மருத்துவமாது கேட்கும் கேள்விகளில் ஒன்று, "இதற்கு முன்னர் ஏதாவது ஒப்பரேசன் செய்ததா?" என்பதாகும். சீசர் செய்தவர்களும் குடல்வால் எடுத்தவர்களும் உடனே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு வயிற்றில் தழும்பு உண்டு. கர்ப்பப்பைக் கழுத்தில் செய்த சத்திரசிகிச்சைக்கு வெளியே தெரியும் தழும்பு எதுவும் கிடையாது. சிலர் அதை ஒப்பரேசன் என்றே எண்ணுவதில்லை. "உள்ளுக்குச் சின்னதாய் ஏதோ வெட்டினவை, அடுத்த நாளே வீட்டுக்கு வந்திட்டன்" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வேறு சிலருக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கும். ஆனால் பக்கத்தில் மாமியார் இருக்கிறார் என்பதற்காக வாய் திறக்கமாட்டார்கள். எப்படியோ அந்த ஒரு வரி கிளினிக் அட்டையில் ஏறாமல் போய்விடுகிறது. ஐந்தாம் மாதத்தில் நோவு எதுவும் இல்லாமலே பன்னீர்க்குடம் உடையும்போதுதான் அந்த வரியின் பெறுமதி தெரியவரும்.

கர்ப்பப்பையை, வாய் கீழே இருக்கத் தொங்கவிட்ட ஒரு சாக்காக நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கின் வாய்க்கட்டு இருக்கும் இடமே கர்ப்பப்பைக் கழுத்து. அதன் நீளம் ஏறத்தாழ 3 முதல் 4 சென்ரிமீற்றர். பிள்ளையும் நீரும் நச்சுக்கொடியும் சேர்ந்து கீழ்நோக்கி அமுக்கும் பாரத்தை, பேறுகாலம் வரை இறுக மூடி வைத்திருப்பது இந்தச் சிறிய தசைத்துண்டுதான். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கழுத்தின் உட்புறத்திலுள்ள சுரப்பிகள் தடித்த சளியைச் சுரந்து வழியை அடைத்துவிடுகின்றன. கீழிருந்து கிருமிகள் மேலேறிப் பன்னீர்க்குடத்தைத் தொடாமல் இந்தச் சளி காவல் நிற்கிறது. எனவே கழுத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் கட்டும் குறைகிறது, காவலும் குறைகிறது.

ஏன் வெட்டுகிறார்கள்? பெரும்பாலும் புற்றுநோயாக மாறக்கூடிய கலங்கள் அங்கே காணப்பட்டதால்தான். நமது நாட்டில் 1996 இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக்குகளில் 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் இதற்கான பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். மாதவிலக்கில்லாத நாளிலோ கணவனோடு சேர்ந்த பின்னரோ இரத்தம் பட்டதால் அதைவிட இளவயதில் பரிசோதிக்கப்பட்டவர்களும் உண்டு. இந்த மாற்றத்துக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரசு. மணமாகி ஒரே துணையோடு வாழும் பெண்ணுக்கும் அது தொற்றலாம், கணவன் வழியாகவும் வந்திருக்கலாம். மிகப் பெரும்பாலானோருக்கு வந்த அடையாளமே இல்லாமல் போய்விடும். ஆகவே இது நடத்தை பற்றிய சான்றிதழ் அல்ல. இதே வைரசுக்கு எதிரான தடுப்பூசியைத்தான் 2017 முதல் பாடசாலைகளில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் போட்டு வருகிறார்கள். மாமியார்மார் இதை அறிந்திருந்தால் மருமகள்மார் வாய் திறப்பது இலகுவாகும்.

வெட்டிய விதமும் அளவும் முக்கியமானவை. மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் ஒரு சிறு பகுதியை வழித்தெடுப்பது ஒரு முறை. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கத்தியால் கூம்பு வடிவில் ஆழமாக வெட்டி எடுப்பது இன்னொரு முறை. இதற்குத் தியேட்டருக்குள் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுப்பார்கள். புற்றுநோயே ஆரம்பித்துவிட்ட சில இளம் பெண்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் அகற்றுவதும் உண்டு. பப் பரிசோதனைக்குச் சுரண்டி எடுத்தது இவற்றில் சேராது. பயறளவு சதைத்துண்டு ஒன்றைப் பரிசோதனைக்குக் கிள்ளி எடுத்ததும் கழுத்தைக் கட்டையாக்காது.

இனி எல்லோரையும் பயமுறுத்தும் கேள்விக்கு வருவோம். இப்படி வெட்டியவர்களுக்குப் பிள்ளை தங்குமா? தங்கும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2016 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையின்படி, சிகிச்சை எதுவும் செய்யாத பெண்களில் 100 பேருக்கு 5 பேரளவில் 37 வாரத்துக்கு முன் பிள்ளை பெற்றார்கள். சிகிச்சை செய்தவர்களில் அது 11 பேரளவில் இருந்தது. அதாவது ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆனாலும் 100 இல் 89 பேர் மாதம் நிறைந்தே பெற்றிருக்கிறார்கள். வெட்டிய ஆழம் 10, 12 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின் ஆபத்து ஒன்றரை மடங்களவில் நின்றது. 20 மில்லிமீற்றரைத் தாண்டியபோது ஐந்து மடங்கை நெருங்கியது. "எவ்வளவு வெட்டியது?" என்று டொக்டர் தோண்டித் தோண்டிக் கேட்பது இதற்காகத்தான்.

ஆகவே வெட்டிய எல்லோருக்கும் இழை போடுவதில்லை. இழை போடுவதும் ஒரு சத்திரசிகிச்சையே. அதனால் கிருமித்தொற்று ஏற்படலாம், இரத்தம் போகலாம், அரிதாகப் பன்னீர்க்குடமே உடையலாம். தேவையில்லாதவருக்கு ஏன் அந்த ஆபத்து? வழக்கமாக 16ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரையில் கழுத்தின் நீளத்தை ஸ்கான் மூலம் அளந்து பார்ப்பார்கள். இந்த ஸ்கான் வயிற்றின் மேலால் அல்ல, பிறப்புறுப்பின் வழியாகச் செய்யப்படுவது. கூச்சமாக இருக்கும், ஆனால் நோகாது, பிள்ளையைத் தொடாது. மேலால் பார்க்கும்போது கழுத்து உள்ளபடி தெரியாமல் போகலாம் என்பதால் இதனையே நம்புகிறார்கள். நீளம் 25 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டிருப்பது போதுமானது. அதற்குக் குறைந்தால், இரவில் பிறப்புறுப்பினுள் வைக்கும் புரோஜெஸ்தரோன் மாத்திரை கொடுப்பார்கள், அல்லது இழை போடுவார்கள். முன்னர் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் பிள்ளை அழிந்தோ, குறைமாதத்தில் பிறந்தோ இருந்து, இப்போது கழுத்தும் கட்டையாக இருக்கும் தாய்க்கே இழையால் கூடிய பயன் கிடைக்கிறது. அப்படிப் பல தடவை இழந்த தாய்க்கு ஸ்கானில் கட்டையாகும்வரை காத்திராமல் 12 முதல் 14 வாரத்துக்குள் போட்டுவிடுவதும் உண்டு. இரட்டைப் பிள்ளை என்பதற்காக மட்டும் இழை போடுவதில்லை.

இழை என்றால் என்ன என்பதிலும் நம்மிடையே குழப்பம் இருக்கிறது. "எனக்கும் முதல் பிள்ளைக்கு மூன்று இழை போட்டது" என்று சொல்லும் தாய், பிள்ளை பிறக்கும்போது வெட்டிய வாசலைத் தைத்ததைச் சொல்கிறார். பிள்ளைப்பேற்றை நிறுத்தக் குழாய் கட்டுவதும் வேறு. இங்கே சொல்லும் இழை, ஆச்சிமாரின் சுருக்குப்பையில் கயிறு ஓடுவதைப் போலக் கழுத்தைச் சுற்றி ஓடவிட்டு இறுக்கி முடிவது. மும்பாயில் பணியாற்றிய டொக்டர் சிரோத்கார் 1955 இல் இதனை விபரித்து எழுதினார். முதலில் அவர் நூலுக்குப் பதிலாகத் தாயின் தொடையிலிருந்தே எடுத்த சவ்வுப் பட்டியைப் பயன்படுத்தினார். 1957 இல் மெல்பேர்னில் டொக்டர் மக்டொனால்ட் இதைவிட எளிதான சுருக்குத் தையலை எழுதிக்காட்டினார். இன்று இரண்டுமே வழக்கில் உள்ளன. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் விறைக்கச் செய்து, அரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். இரண்டொரு நாள் சிறிதளவு இரத்தம் படலாம். ஏற்கெனவே நோவு தொடங்கியவருக்கும், பன்னீர்க்குடம் உடைந்தவருக்கும், உள்ளே கிருமித்தொற்று உள்ளவருக்கும் இது போடப்படுவதில்லை. கட்டுவதற்கும் ஒரு காலம் உண்டு. பிந்தி வந்தவருக்கு டொக்டரால் செய்யக்கூடியது குறைவு.

இழை போட்டபின் பேறுகாலம் வரை படுக்கையிலேயே கிடக்கவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படிக் கிடப்பதால் பிள்ளை தங்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, நீண்ட நாள் அசையாமல் கிடந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையக்கூடும். எழுந்து நடக்கலாம், சமைக்கலாம். ஆனால் குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பதையும், மூடை தூக்குவதையும், நாள் முழுதும் குனிந்து நாற்று நடுவதையும் வீட்டிலுள்ள மற்றவர்கள் எடுத்துக்கொள்வதே நியாயம். கணவனோடு சேர்வது பற்றி டொக்டரிடம் நேரே கேளுங்கள். அவர் அதைத் தவறாக எண்ணமாட்டார்.

இப்போது, இடம் மாறி மாறி வாழ நேர்ந்த குடும்பங்களுக்கு மிக முக்கியமானதைச் சொல்ல வேண்டும். வழமையாகப் போடும் இந்த இழை 36 அல்லது 37 வாரத்தில் வெட்டி எடுக்கப்படவேண்டும். அதற்கு முன்னர் நோவு கண்டால் உடனடியாக எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் கர்ப்பப்பை மேலிருந்து தள்ள, கழுத்து கட்டுண்டபடியே இருந்து கிழிந்துபோகும். அந்த இரத்தப்போக்குத் தாயின் உயிரையே கொண்டுபோகக் கூடும். இழை போட்ட வைத்தியசாலைக்கே போகக் கிடைத்தால் அங்கே பதிவு இருக்கும். ஆனால் வெள்ளம் வந்து பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருக்கும் இரவில், அல்லது அரிவு வெட்டுக்கு வேறு மாவட்டம் போன இடத்தில் நோவு வந்தால்? அங்குள்ள தாதிக்கு இழை இருப்பது எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒன்று அது. வைத்தியசாலை வாசலில் பெயர் சொல்வதற்கு முன்னரே "உள்ளுக்கு இழை போட்டிருக்கு" என்று சொல்லவேண்டும். தாய் சொல்லமுடியாத நிலையில் இருந்தால் சொல்வதற்குக் கணவனுக்கும் தாய்க்கும் பக்கத்துக் கொட்டிலில் இருப்பவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

1995 இலும் 2009 இலும் ஊரைவிட்டு ஓடியபோது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வைத்தியசாலைத் துண்டுகளோ பெரும்பாலும் றங்குப்பெட்டியோடு போய்விட்டன. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் காட்டையும், வெட்டிய சதையைச் சோதித்த அறிக்கையையும் அந்த உறுதியோடு சேர்த்து வையுங்கள். வெட்டிய அளவு பெரும்பாலும் அந்த அறிக்கையிலேயே இருக்கும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. துண்டு தொலைந்துவிட்டதென்று வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாமல் இருக்கவேண்டாம். எந்த வைத்தியசாலை, எந்த வருடம், மயக்கினார்களா விறைக்கச் செய்தார்களா, எத்தனை நாள் வாட்டில் இருந்தீர்கள் என்று சொன்னாலே டொக்டர் பாதியை ஊகித்துக்கொள்வார். மீதியைக் கழுத்தைப் பார்த்தும் ஸ்கானில் அளந்தும் அறியலாம். மாதவிலக்குத் தள்ளிப்போனதும், 8 வாரத்துக்கு முன்னரே பதிந்துகொண்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும். மற்றவர் முன்னால் சொல்ல முடியாவிட்டால், "தனியாக ஒரு விசயம் சொல்லவேணும் மிஸ்" என்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

இழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கழுத்தில் வெட்டிய தாய் சில குறிகளுக்கு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. நீர் கசிதல், இரத்தம் படுதல், விட்டு விட்டு வயிறு இறுகுதல், அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போன்ற பாரம், மாறாத இடுப்பு உளைவு, காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைபடுதல் ஆகியவையே அவை. இயன்றவரை குறைமாதப் பிள்ளையைப் பராமரிக்கும் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைக்கே போய்ச் சேரவேண்டும். பிள்ளையின் சுவாசப்பை முதிர்வதற்குத் தாய்க்குப் போடும் ஊசி, பிறப்பதற்கு முன் ஒரு நாளாவது கிடைத்தால் நன்றாக வேலை செய்யும். வழியில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஊசி கிடைப்பதில்லை.

கழுத்தை முழுதாக இழந்தவர்களுக்கும், கீழால் போட்ட இழை முன்னர் பலன் தராதவர்களுக்கும் வயிற்றைத் திறந்து மேலே போடும் இழை ஒன்றும் உண்டு. அது கீழால் வெட்டி எடுக்கப்படுவதில்லை. பிள்ளையைச் சீசர் செய்தே எடுப்பார்கள், விரும்பினால் அடுத்த பிள்ளைக்கும் அதை அப்படியே விட்டுவைக்கலாம். கீழால் போட்ட இழையோ எடுத்ததோடு முடிந்தது. இழை எடுத்த அன்றே பிள்ளை பிறந்துவிடும் என்பதில்லை; பலர் வீடு திரும்பி, நாட்கணக்காகக் காத்திருந்து, சாதாரணமாகவே பெறுகிறார்கள். அடுத்த தடவை கர்ப்பமானால் இழை வேண்டுமா என்பதைப் புதிதாக அளந்தே முடிவு செய்வார்கள். அதற்கும் முதல் கிளினிக் நாளிலேயே சொல்லவேண்டியது, முன்னர் வெட்டிய கதையையும் இழை போட்ட கதையையும் சேர்த்து.