எழுந்து நிற்க ஒரு மருந்து

நாகல் நகரில் தறியை விட்டு எழும் பெரியவர் ஒருவர், "கண்ணைக் கட்டுதுப்பா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டால் நாம் என்ன சொல்கிறோம்? வெயில் என்கிறோம், பித்தம் என்கிறோம். ஆனால் சிலருக்குக் காரணம் நரம்பில் இருக்கிறது.

நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணர்விகள் இதை உடனே மூளைக்குத் தெரிவிக்க, மூளை பரிவு நரம்புகள் வழியே ஆணை அனுப்பி இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நீரிழிவு, பார்க்கின்சன் நோய் முதலியவற்றால் தானியங்கு நரம்பு மண்டலம் பழுதுற்றால் இவ்வாணை நலிந்துவிடும். நின்ற 3 நிமிடத்திற்குள் மேல் அழுத்தம் 20 மி.மீ. அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ. இறங்கினால் அது நோய்க்குறியாகும்.

இதற்கு வழங்கும் மிடோட்ரின் போன்ற மருந்துகளில் ஒரு சங்கடம் உண்டு. அவை படுத்திருக்கும்போதும் அழுத்தத்தை ஏற்றிவிடும். நிற்கும்போது மட்டும் ஏற்றும் மருந்து கிடையாதா?

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் லோ, வொல்ஃப்காங் சிங்கர் ஆகியோர் தசைத்தளர்ச்சி நோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவந்த பிரிடோஸ்டிக்மினை இதற்காக எடுத்து ஆராய்ந்தனர். அவர்கள் கருத்து எளியது, அழகியது. மூளையின் ஆணை நேரே இரத்தக் குழாய்க்குப் போவதில்லை. திண்டுக்கல் சந்திப்பில் இறங்கி வேறு வண்டி ஏறுவது போல, நரம்புக் கணுவில் மாறிச் செல்கிறது. அங்கே ஆணையைக் கடத்துவது அசிட்டைல்கோலின். அதை உடனுக்குடன் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. நொதியைத் தடுத்தால் நலிந்த ஆணையும் வலுப்பெறும். படுத்திருக்கும்போதோ கணுவில் ஆணைப் போக்குவரத்தே குறைவு. எனவே அழுத்தமும் அவ்வளவாக ஏறாது.

2006-இல் 58 நோயாளிகளிடம் நடந்த சோதனை முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரையில் நிற்கும்போது கீழ் அழுத்தம் 34 மி.மீ. இறங்கியது, 60 மில்லிகிராம் பிரிடோஸ்டிக்மினில் 27.6 மி.மீ. மட்டுமே. படுத்த நிலை அழுத்தம் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆறு மி.மீ. பெரிதா என்று கேட்கலாம். விழுவதற்கும் விழாமல் வாசல்வரை நடப்பதற்கும் சிலருக்கு அதுவே வித்தியாசம்!

நம் வட்டாரத்து உழவர்களுக்கு இந்த நொதித் தடுப்பு புதிதல்ல. மானோகுரோட்டோபாஸ் உடலில் ஏறினால் எச்சில் ஒழுகி, கண்பாவை சுருங்கி, மூச்சுத் திணறுவது இதே நொதி முடங்குவதால்தான். அதன் 36 சதவீதக் கரைசலுக்கு இந்திய அரசு 2023-இல் தடை ஆணை பிறப்பித்தது. பூச்சிமருந்து நொதியை இறுகப் பற்றினால் எளிதில் விடாது; பிரிடோஸ்டிக்மின் சில மணி நேரத்தில் விட்டுவிடும், மூளைக்குள்ளும் எளிதில் புகாது. எனினும் வயிற்றுவலி, பேதி, எச்சில் மிகுதி ஏற்படலாம். கணுவுக்கு அப்பாலுள்ள நரம்புகள் முற்றும் பட்டுப்போயிருந்தால் இம்மருந்தால் பயன் சிறிதே.

உட்காரவைத்து மட்டும் அழுத்தம் பார்த்தால் இக்குறை தெரியாது. படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பார்க்கவேண்டும். அதற்கு எல்லா மருத்துவமனையிலும் உள்ள அதே கருவி போதும்.