நீ சொன்ன தூத்துக்குடி எங்கேம்மா?

முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியில் நின்றபோது என் இரண்டு பிள்ளைகளும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். பெட்டிகளை இறக்கி, ஆட்டோ பிடித்து, மாமா வீட்டுக்குப் போகிற வழியில் எட்டு வயது மகன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். லாரிகள், பாலம், தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், ஆடிக்காற்றுக்கு முன்னோடியாக ஆனிக் கடைசியில் அடிக்கிற புழுதிக் காற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "அம்மா, நீ சொன்ன தூத்துக்குடி எங்கேம்மா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் அதைத்தான் தேடிக்கொண்டு வந்தேன்.

நான் வளர்ந்தது மெல்பர்னில். அம்மாவின் ஊர் தூத்துக்குடி. சின்ன வயதில் ஐந்து தடவை ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நாலு வாரம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் இருபது வாரம்தான். அந்த இருபது வாரத்தை வைத்துக்கொண்டு என் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் தூங்கப் போகும்போது கதை சொல்லி வந்திருக்கிறேன். முத்துக் குளித்த கடல். ஆச்சி டப்பாவில் அடைத்துவைத்த மக்ரூன். பனிமய மாதா கோவில் மணிச்சத்தம். மாலையில் துறைமுகப் பக்கம் நடந்துபோனது. எங்கள் கதையில் வியர்வை கிடையாது, கொசு கிடையாது, கரண்ட் போனதும் கிடையாது. நம்மில் பலர் இப்படித்தான் ஊரைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போடத்தான் போனேன்

இந்தத் தடவை போனது சுற்றிப் பார்க்க மட்டும் இல்லை. ஆச்சி வீட்டை விற்பதென்று முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் வர முடியாது. மெல்பர்னில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பவர் பத்திரம் என் கைப்பையில் இருந்தது. வாங்குகிறவர் அவசரப்பட்டார். ஆடி பிறந்துவிட்டால் பத்திரம் பதிய மாட்டார்களாம், ஆனிக்குள் முடித்துவிட வேண்டுமாம். எங்கள் பள்ளிக் குளிர்கால விடுமுறையும் அதே நேரம் வந்தது.

கிளம்பும்போது அம்மா ஒன்றுதான் சொன்னார்கள்: "வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பாதே."

வீடு கிரேட் காட்டன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில். மாமா பூட்டைத் திறந்தார். முற்றம் நினைவில் இருந்ததைவிடப் பாதிதான் இருந்தது. சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, வீட்டைச் சுற்றி நேர்கோடாக ஓடியது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிய நாட்களாயிற்று. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். கதவெல்லாம் ஊறிப் பிளந்துவிட்டது. "செப்பனிடணும்னா வீட்டு விலையில பாதி வேணும்ட்டி. எனக்கும் வயசாச்சு. யாரு பாக்கது?" என்றார் மாமா.

எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி. நெஞ்சு அடைத்தது. இன்னொரு பக்கம், நல்லவேளை, இனி இந்த வீட்டுக் கவலை இல்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை உணர்ந்ததும் வெட்கமாக இருந்தது. மூன்றையும் சேர்த்தேதான் பதினோரு நாளும் சுமந்தேன்.

உப்பளத்தில் ஒரு காலை

பிள்ளைகளுக்கு முத்து பார்க்க ஆசை. ஆனால் இங்கே கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஒன்றை, நேரில் பார்த்ததுபோல அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்! இன்றைக்கு இந்த ஊர்க் கடல் தருவது உப்பு. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில்.

மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் உப்பளத்துக்கு அதிகாலையில் போனோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் குவித்துவைத்த உப்பு. பெண்கள் தலையில் துண்டு கட்டி, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டு, நீளமான பலகையால் உப்பை வாரி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், அதனால் இருட்டோடு வந்துவிடுவார்களாம்.

பன்னிரண்டு வயது மகள் ஓர் அக்காவிடம் தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டாள்: "கண்ணு வலிக்குமா?"

"வலிக்கும் பாப்பா. வெள்ளையையே பாத்துட்டு இருந்தா கூசத்தான செய்யும். காலும் புண்ணாவும். மழைக்காலத்துல வேலையே கெடையாது, அப்ப வீட்டுல இருக்கணும்." சொல்லிவிட்டு, "நீ எந்த ஊரு?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். "மெல்பர்ன். ஆனா எங்க ஆச்சி இந்த ஊரு" என்றாள். அந்த அக்கா சிரித்து, "அப்ப நீயும் இந்த ஊருதான்" என்று சொல்லி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவல் இந்த உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. 1970-களின் கடைசியில் வந்த புத்தகம். மெல்பர்னில் என் அலமாரியில் வருஷக்கணக்காக இருக்கிறது, இன்னும் படித்து முடிக்கவில்லை. திரும்பிவந்ததும் எடுத்துவைத்திருக்கிறேன்.

போனில் பார்த்தது, தெருவில் நின்றது

இன்னொரு விஷயத்தையும் பிள்ளைகளிடம் நான் சொன்னதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகப் போகும்போது மாமாதான் ஆரம்பித்தார். 2018 மே 22. தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். சில நாட்களில் அரசு ஆலையை மூடியது.

அன்றைக்கு நான் மெல்பர்னில் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனில் வீடியோ பார்த்தேன். அழுதேன். நாலு பேருக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் மகளுடைய பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் கொடுத்தேன். மாமாவிடம் இதைச் சொன்னேன்.

"அதுல தப்பு ஒண்ணும் இல்லட்டி" என்றார். "நீங்கள்லாம் போன்ல பாத்திய. நாங்க தெருவுல நின்னோம். ரெண்டும் ஒண்ணு இல்ல, அவ்வளவுதான். ஆலை மூடுனதுல சந்தோசப்பட்டவனும் இந்த ஊருல இருக்கான், வேலை போயி லாரிய வித்தவனும் இருக்கான். ஒரே தெருவுலதான் இருக்கோம்."

மகன் கேட்டான்: "தாத்தா, அந்த 13 பேரும் எதுக்குப் போனாங்க?" மாமா கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "நல்ல காத்து வேணும்னு கேக்கப் போனாங்க." எட்டு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

பத்திரம் பதிந்த நாள்

சார்பதிவாளர் அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம், எங்கள் பெயரைக் கூப்பிட மூன்றரை ஆயிற்று. போட்டோ, விரல் ரேகை, கையெழுத்து. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்தான். வாங்கியவர் நல்ல மாதிரி மனிதர். சின்னப் பலகாரக் கடை வைத்திருக்கிறார். வீட்டை இடித்து, தரையை உயர்த்திக் கட்டப்போகிறாராம். "அடுத்த தடவை வந்தா நம்ம வீட்டுக்குத்தான் வரணும்" என்று என்னிடம் சொன்னார். நம்ம வீடு! அவர் அதை உபசாரமாகச் சொன்னார், எனக்குத்தான் அந்த வார்த்தை எங்கேயோ பட்டது.

பிள்ளைகளுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மூன்றே பொருள்தான். நன்றாக அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் மெதுவாகக் காயவைப்பார்கள். நினைவில் இருந்த அதே ருசி, ஒரு துளிகூட மாறவில்லை. அதுவரை அழாதவள் மக்ரூனைக் கடித்துவிட்டு ஆட்டோவில் அழுதேன். மகன் எதுவும் கேட்காமல் தன் பங்கிலிருந்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தான்.

இரவு அம்மாவைக் கூப்பிட்டேன். பத்திரம் முடிந்தது என்றேன். சரி என்றார்கள். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்கள்.

"கொல்லையில முருங்கை நிக்குதா?"

"இல்லம்மா. வெள்ளத்துல சாஞ்சிட்டாம்."

"கிணறு?"

"இருக்கு. தண்ணியும் இருக்கு."

"சரி. பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?"

கடல் விலகிய ஊர்

கடைசி நாள் மாமா எங்களைக் கொற்கைக்குக் கூட்டிப்போனார். பாண்டியர்களின் துறைமுகம். முத்துக்குப் பேர்போன ஊர், கிரேக்கக் கடற்பயணக் குறிப்பில்கூட இடம்பெற்றது. இப்போது வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிராமம். பழைய வன்னி மரம் ஒன்று, ஒரு குளம், ஓர் அம்மன் கோவில். கடல் எங்கே என்று மகன் சுற்றுமுற்றும் பார்த்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை நீண்டு நீண்டு, கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

"கடல் போனதுக்கப்புறம் இங்க இருந்தவங்க என்ன பண்ணாங்க?" என்று மகள் கேட்டாள்.

"என்ன பண்ணுவாங்க? சில பேரு கடல் பின்னாலயே போனான். சில பேரு இங்கனயே இருந்து வெவசாயம் பாத்தான்" என்றார் மாமா.

போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். இருந்தவர்களில் ஒருவர் மாமா. வழியெல்லாம் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நான் கதையில் சொன்ன ஊர் பொய் இல்லை, ஒரு சிறுமியின் விடுமுறை அது. ஆனால் ஒவ்வொரு நாளும் அங்கேயே இருப்பவர்களின் ஊரை அதற்குள் அடைத்துவைக்க எனக்கு உரிமை இல்லை. என் பிள்ளைகளுக்கு என் இருபது வாரத்தை மட்டும் கொடுத்திருந்தால், புகையையும் வெள்ளக்கோட்டையும் பார்த்த அன்றே இந்த ஊரை ஏமாற்றம் என்று ஒதுக்கியிருப்பார்கள். உப்பளத்து அக்காவும் தாத்தாவும் சேர்ந்துதான் அவர்களுக்கு அந்த ஊரைக் கொடுத்தார்கள்.

பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

• சொத்து வேலை இருந்தால் பவர் பத்திரத்தைச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். அங்கே போனபிறகும் முத்திரைக் கட்டணம், பதிவு என்று வேலை இருக்கும். பதிவுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கி, பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுப் போங்கள்.

• உங்கள் நினைவில் உள்ள இடங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள், மற்ற நாட்களைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். என் மகன் கேட்டது குலசேகரப்பட்டினம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் வரப்போகிற ஊர். தூரத்திலிருந்துதான் பார்த்தோம், அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

• உப்பளம், மீன்பிடித் துறை போன்ற இடங்களுக்கு அனுமதி கேட்டு, தெரிந்தவரோடு போங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். நாம் பார்ப்பது அவர்களுடைய வேலை நேரம்.

• வ.உ.சி. 1906-ல் இந்த ஊரிலிருந்து ஆங்கிலேயருக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கிய கதையை முன்பே சொல்லிவையுங்கள். துறைமுகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் மகள் தானாகவே தம்பிக்குச் சொன்னாள்.

• முடிந்தால் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கிற பனிமய மாதா திருவிழாவுக்கு இருங்கள். எல்லா மதத்தினரும் வருவார்கள். நாங்கள் கொடியேற்றத்துக்கு முன்பே விமானம் ஏறிவிட்டோம், அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகனுக்கு 'எனக்குத் தெரிந்த ஊர்' என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். வழக்கமாக நான் சொல்லிக்கொடுப்பேன். இந்தத் தடவை தானே எழுதிக்கொண்டு வந்தான்.

"எனக்குத் தெரிந்த ஊர் தூத்துக்குடி. அங்கே உப்பு விளையும். அங்கே எங்களுக்கு ஒரு வீடு இருந்தது, இப்போது இல்லை. அங்கே மிகவும் வெயில். அங்கே என் தாத்தா இருக்கிறார், நான் மறுபடி போவேன்."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். பிறகு, "அந்தக் கிணத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்திருக்கலாமேடி" என்றார்கள்.

எடுத்திருக்கிறேன். அனுப்பினேன்.